"சும்மா ஓட்டுனோம் சார்": தருமபுரி, கிருஷ்ணகிரிப் பள்ளிகளில் கேலியைக் கணக்கெடுப்பதும் விசாரிப்பதும்

"உன்னை யாராவது துன்புறுத்துகிறார்களா?" என்று அச்சடித்த தாளை எட்டாம் வகுப்பில் கொடுத்தால் பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் திரும்பி வரும். அதே வகுப்பில் இடைவேளையின்போது, "இங்க யாரப்பா ரொம்ப ஓட்டுவீங்க?" என்று பேச்சுவாக்கில் கேட்டால் எல்லாக் கண்ணும் ஒரே பெஞ்சுக்குப் போகும். துன்புறுத்தல் என்பது பிள்ளைகளுக்குச் செய்தித்தாள் வார்த்தை. போலீஸ், அடி, ரத்தம் இருந்தால்தான் அது. அவர்களுக்கு நடப்பது ஓட்டுவது, கலாய்ப்பது, பட்டப்பேர் வைப்பது, டிபன் பாக்ஸை ஒளிப்பது, விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாமல் விடுவது. ஆய்வுக்கு வரும் எம்.எட். மாணவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். ஆங்கிலக் கேள்வித்தாளை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டு, 'இந்தப் பகுதியில் பிரச்சினை குறைவு' என்று முடிவு எழுதிவிடுகிறார்கள்.

இந்த ஆய்வுத் துறைக்கு அடித்தளம் போட்டவர் டேன் ஒல்வேயஸ். 1970களில் ஸ்வீடனில் ஆரம்பித்து, பிறகு நார்வேயில் வேலை செய்தவர். 1983ல் நார்வே நாடு முழுக்கப் பள்ளிகளில் நடந்த இயக்கத்துக்கு அவர் ஆய்வுதான் ஆதாரம். அவர் சொன்ன அடையாளங்கள் மூன்று: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, செய்கிறவர் கை ஓங்கியிருப்பது. முதல் இரண்டை எல்லாரும் கவனிக்கிறார்கள். மூன்றாவதில்தான் கோட்டை விடுகிறோம்.

கை ஓங்குவது என்றால் உடம்புப் பலம் மட்டும் இல்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் ஒரே வகுப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் பிள்ளைகள் இருப்பார்கள். எந்த வீட்டு மொழி வகுப்பில் அதிகமோ அதற்குக் கை ஓங்கும். மற்ற மொழிப் பிள்ளை ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தால் அந்தச் சொல்லே வருஷம் முழுக்க அவன் பேர். சித்தேரி மலையிலிருந்து கீழே இறங்கி விடுதியில் தங்கிப் படிக்கிற பையன், அஞ்செட்டிப் பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து வருகிற பெண், அப்பா அம்மா இருவரும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டதால் பாட்டியோடு இருக்கிற பிள்ளை: இவர்களுக்காகக் கேட்க வர யாரும் இல்லை என்பது வகுப்புக்கே தெரியும். சாதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2023ல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024ல் கொடுத்த அறிக்கை, சாதி காட்டும் கைக்கயிறு வரைக்கும் பேசியது. கயிறு இல்லாத பள்ளியில் ஊர்ப்பேரே கயிறு வேலையைச் செய்யும்.

எங்கள் மாவட்டங்களுக்கே உரிய இன்னொன்று பல். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அதைத் தாண்டிய நீரைச் சின்ன வயதிலிருந்து குடித்தால், சுமார் எட்டு வயது வரை ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லில் வெள்ளைத் திட்டு, மஞ்சள், காப்பி நிறக் கோடு விழும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனாலும் போர் தண்ணீர் குடிக்கிற ஊர்கள் இருக்கின்றன. தண்ணீர் மாறினாலும் ஏற்கெனவே விழுந்த கறை போகாது. "பல்லு வெளக்கறதில்லையா?" என்று ஆசிரியரே கேட்டுவிட்டால் முடிந்தது, அன்று மதியமே பட்டப்பேர் தயார். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கிற பிள்ளை, வகுப்பு போட்டோ எடுக்கிற நாளில் மட்டும் லீவு போடுகிற பிள்ளை என்று இருந்தால் இதை நினைத்துப் பாருங்கள். அறிவியல் பாடத்தில் எல்லாருக்கும் பொதுவாக, யாரையும் சுட்டாமல், இது தண்ணீரால் வருவது, பிரஷ் போட்டால் போகாது என்று பத்து நிமிஷம் சொல்வது தனித்தனியாகக் கண்டிப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது. கறை பெரிய கவலையாக இருக்கும் பிள்ளையை அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு அனுப்பலாம். மேற்பூச்சை லேசாகத் தேய்த்தெடுப்பது, வெளுக்க வைப்பது என்று வழிகள் உண்டு.

கணக்கெடுப்புக்கு வருவோம். சொல்லைக் கேட்காமல் செயலைக் கேளுங்கள். 'என் பேரை விட்டுவிட்டு வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், எனக்குப் பிடிக்கவில்லை', 'சாப்பிடும்போது என்னோடு உட்கார வேண்டாம் என்று மற்றவர்களிடம் சொன்னார்கள்', 'என் போட்டோவை ஸ்டிக்கர் ஆக்கினார்கள்'. இருபது வாக்கியத்துக்குள் நிறுத்திக்கொள்ளலாம். காலத்துக்கு, 'கடந்த இரண்டு மாதத்தில்' என்றால் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது. 'பொங்கல் லீவு முடிஞ்சு வந்ததிலிருந்து' என்றால் வரும். பதிலுக்கு ஒல்வேயஸ் வரிசையே போதும்: ஒரு தடவையும் இல்லை, ஒன்றிரண்டு தடவை, மாதத்துக்கு 2, 3 தடவை, வாரம் ஒரு தடவை, வாரத்தில் பல தடவை. 2003ல் சோல்பெர்கும் ஒல்வேயஸும் எழுதிய கட்டுரை, மாதத்துக்கு 2, 3 தடவை என்பதிலிருந்து எண்ணச் சொல்கிறது. 'ஒன்றிரண்டு' என்பதையும் சேர்த்தால் எந்தப் பள்ளியிலும் எண்ணிக்கை உப்பிவிடும். யுனெஸ்கோ 2019ல் வெளியிட்ட 32 சதவீதக் கணக்கு, கடந்த ஒரு மாதத்தில் ஒரு தடவையாவது நடந்திருந்தால் சேர்த்துக்கொண்டது. அதையும் உங்கள் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது தக்காளியை மாங்காயோடு நிறுப்பது மாதிரி.

தாளில் 'ஆம் என்றால் 7ஆம் கேள்விக்குப் போ' என்ற வகைக் கேள்வியே இருக்கக் கூடாது. ஓட்டுப்படுகிற பிள்ளைக்குத்தான் எழுத அதிகம் இருக்கும். அது மட்டும் பக்கம் புரட்டிக்கொண்டிருப்பதைப் பக்கத்துப் பையன் பார்த்துவிடுவான். எல்லாரும் எல்லாக் கேள்விக்கும் ஒரே மாதிரி டிக் அடிக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளைகள் இருப்பார்கள், ஆகவே ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்து, பத்து நொடி விட்டு அடுத்ததற்குப் போங்கள். அந்த நேரம் வகுப்பாசிரியர் வெளியே இருப்பது நல்லது. பேர், சாதி, ஊர் கேட்க வேண்டாம். சின்ன வகுப்பில் 'பெண், தெலுங்கு' என்ற இரண்டு விவரமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். முடிந்ததும் தாளை லீடர் வசூலிக்கிற பழக்கத்தை அன்று ஒரு நாளாவது விடுங்கள், லீடரே ஓட்டுகிற கூட்டத்தில் இருக்கலாம். பெட்டியில் ஓட்டை போட்டு மடித்துப் போடச் சொல்லலாம்.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: "நீங்க எழுதுறத யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். ஆனா யாராவது உங்கள தொடக்கூடாத மாதிரி தொட்டதா எங்களுக்குத் தெரிஞ்சா, அத மட்டும் மறைக்க முடியாது." குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19ன்படி தெரிந்தவர் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். ஆய்வாளர், ஆசிரியர் என்ற விலக்கு கிடையாது.

நாற்பது நிமிஷப் பீரியடில் கடைசிப் பத்து நிமிஷத்தைப் படத்துக்கு ஒதுக்குங்கள். கேட், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, சத்துணவுக் கூடம், சைக்கிள் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாப் எல்லாம் குறித்த பள்ளி வரைபடம் ஒன்றை ஆளுக்கொன்று கொடுத்து, போகப் பிடிக்காத இடத்தில் ஒரு பெருக்கல் குறி போடச் சொன்னால் போதும். கேள்வித்தாளில் மழுப்பிய வகுப்புகூட இதில் மழுப்புவதில்லை. குறிகள் கழிப்பறைப் பின்பக்கத்திலும், தட்டு கழுவும் குழாயடியிலும், பள்ளி விட்ட பிறகு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்திலும் குவியும். மலையோர ஊர்களுக்கு டவுன் பஸ் எப்போதாவதுதான். நாலே காலுக்கு விட்ட பிள்ளைகள் ஐந்தரை வரைக்கும் நிழற்குடையில் நிற்பார்கள், அங்கே ஆசிரியர் யாரும் இல்லை. பள்ளிக்குள் பத்து பேர் கண்காணித்து என்ன பயன்? அந்த பஸ்ஸிலேயே ஏறுகிற ஆசிரியர் ஒருவர், எதிரில் டீக்கடை வைத்திருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர் என்று இரண்டு பேர் கண் வைத்தாலே அந்த இடத்துக் கணக்கு மாறுகிறது.

பிள்ளைகள் புகாரை எழுதிப் போடும் மாணவர் மனசு பெட்டி பல பள்ளிகளில் எச்.எம். அறை வாசலில் மாட்டியிருக்கிறது. அங்கே சீட்டுப் போட்டால் வராந்தா முழுக்கப் பார்க்கும். பிள்ளை தனியாக, காரணம் சொல்லிப் போகக்கூடிய இடத்துக்கு மாற்றுங்கள். நூலகத்துப் பக்கம், ஆய்வகம் போகும் வழி.

வேடிக்கை பார்ப்பவர்களைப் பற்றிக் கனடாவில் செய்த ஓர் ஆய்வு எப்போதும் கையில் வைத்துக்கொள்ளத் தக்கது. ஹாக்கின்ஸ், பெப்லர், கிரெய்க் மூவரும் 2001ல் வெளியிட்டது. விளையாட்டுத் திடலை ஒளிப்பதிவு செய்து பார்த்ததில், பெரும்பாலான சம்பவங்களில் மற்ற பிள்ளைகள் சுற்றி நின்றார்கள், 19 சதவீதத்தில்தான் யாராவது குறுக்கே வந்தார்கள். அப்படி வந்தபோது பாதிக்கு மேல், 57 சதவீதம், பத்து நொடிக்குள் நின்றுவிட்டது. பின்லாந்தின் கிறிஸ்டினா சல்மிவல்லி 1996லேயே கூட்டத்தைப் பிரித்துக் காட்டினார்: கூடச் சேர்ந்து செய்கிறவர், சிரித்து ஏற்றிவிடுகிறவர், ஒதுங்கி நிற்கிறவர், காப்பாற்றுகிறவர். கீவா என்ற பின்லாந்துத் திட்டம் இந்தச் சிரிக்கிறவர்களையும் ஒதுங்குகிறவர்களையும் குறிவைத்துத்தான் கட்டப்பட்டது. வகுப்பில் கற்றுக்கொடுக்க வேண்டியது எதிர்த்துப் பேசும் வீரம் இல்லை. அது அடுத்த அடிக்கு ஆள் சேர்க்கும். "டேய் வாடா, பி.டி. சார் கூப்புடறாரு" என்று ஓட்டுப்படுகிறவன் தோளில் கைபோட்டு நடத்திப் போய்விடுவது போதும். இதை இரண்டு இரண்டு பேராக நடித்துப் பழக விட்டால் ஒரே பீரியடில் வந்துவிடும்.

இனி ஆசிரியர். கேலி விசாரணை கெட்டுப்போவது விதிமுறை தெரியாததால் இல்லை, அந்த நேரத்து மனநிலையால். கால் நாள் எமிஸ் (மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவில் போய், அடுத்த பீரியடுக்கு மணி அடிக்கும்போது ஒரு பிள்ளை அழுதுகொண்டு வருகிறது. அப்போது வருவது இரக்கம் இல்லை, எரிச்சல். ஆர்லி ஹோக்‌ஷைல்ட் 1983ல் விமானப் பணிப்பெண்களை வைத்து எழுதிய உணர்ச்சி உழைப்பு என்ற கருத்து ஆசிரியருக்கு அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தும். உள்ளே எரிச்சல், வெளியே பொறுமை என்று முகத்தை மட்டும் மாற்றிக்கொள்வது மேல்பூச்சு. அதை நாள் முழுக்கச் செய்தால் ஆள் தேய்ந்துபோகிறார், நாலாவது பீரியடில் பூச்சு உதிர்கிறது. உதிரும் இடம் பெரும்பாலும் புகார் கொண்டுவந்த பிள்ளைதான்: "நீ என்ன பண்ண? சும்மா இருந்தா ஏன் வர்றாங்க?"

கோபத்தின் திசையையும் கவனிக்க வேண்டும். பாமன், டெல் ரியோ 2006ல் செய்த ஆய்வில், ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் அடிதடியைப் பார்த்துப் பதறிய அளவுக்கு ஒதுக்கிவைப்பதைப் பார்த்துப் பதறவில்லை. அதற்கு இரக்கமும் குறைவு, தலையிடும் எண்ணமும் குறைவு. ஆகவே பையன்கள் சண்டை உடனே எச்.எம். அறைக்குப் போகிறது. பெண் பிள்ளைகள் ஒருத்தியை மூன்று மாதமாகச் சாப்பாட்டு வட்டத்திலிருந்து விலக்கிவைத்திருப்பது 'பொண்ணுங்க பிரச்சினை' ஆகிவிடுகிறது.

நடைமுறையில் உதவுவது இதுதான். புகார் வந்ததும், உயிருக்கு ஆபத்து இல்லையென்றால், அந்த நிமிஷம் விசாரிக்காதீர்கள். "சொன்னது நல்லது. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் பேசலாம், அதுவரைக்கும் நீ முன் பெஞ்சுல உக்காரு" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். சொன்ன நேரத்தில் கட்டாயம் பேச வேண்டும், தவறினால் அந்தப் பிள்ளை அடுத்த தடவை வராது. இடையில் ஒரு துண்டுச் சீட்டில், 'எனக்கு இப்போது என்ன' என்று ஒரே சொல் எழுதிப் பாருங்கள். எரிச்சல், பயம், அவமானம். பயமும் உண்டு. செய்த பையனின் அப்பா ஊரில் பெரிய ஆள் என்றால் ஆசிரியருக்கு வருவது அதுதான், அது கோபமாக வேஷம் போட்டு வரும். எழுதிய சொல் பயம் என்றால் தனியாக விசாரிக்காதீர்கள், மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இருக்கும் இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேசும் வரிசை: முதலில் பாதிக்கப்பட்ட பிள்ளை, தனியாக, பதினைந்து நிமிஷம். அடுத்துப் பார்த்தவர்கள். கடைசியில் செய்தவர்கள், ஒவ்வொருவராக. கூட்டத்தை ஒன்றாகக் கூப்பிட்டால் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் இடைவேளை மணி விழாத மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிஷம் கிடைத்தால் எல்லாரும் 'சும்மா ஓட்டுனோம் சார்' என்று பாடம் பண்ணிக்கொண்டு வருவார்கள். ஸ்வீடன்காரர் அனடோல் பிகாஸ் வகுத்த முறையில் செய்தவர்களிடமிருந்தே தொடங்குவார்கள். குற்றம் சாட்டாமல், "அவன் கஷ்டத்துல இருக்கான், உனக்குத் தெரிஞ்சு என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். நன்றாகவே வேலை செய்யும் முறை, ஆனால் கோபம் ஆறாத ஆசிரியர் அந்தக் கேள்வியைக் கேட்டால் அது போலீஸ் கேள்வியாகத்தான் விழும்.

செய்யவே கூடாதவை இரண்டு. பிரேயரில் பேர் சொல்லிக் கண்டிப்பது: மறுநாள் முதல் கேலி பள்ளிக்கு வெளியே போய்விடும், நின்றுவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம். இருவரையும் நிறுத்திக் கைகுலுக்க வைப்பது: கை ஓங்கியவனுக்கு அது விளையாட்டு, மற்றவனுக்கு அது இன்னொரு தோல்வி. அடிப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம். கட்டாயக் கல்விச் சட்டம் 2009ன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடுக்கிறது.

போன் வழியாக நடக்கிற கேலி வேறு கணக்கு. அப்பா சனிக்கிழமை ராத்திரி பெங்களூரிலிருந்து போனோடு வருவார். திங்கள் முதல் பீரியடில் வெடிக்கிற சண்டைக்கு ஞாயிறு ராத்திரி வாட்ஸ்அப் குழுவைத் தேடுங்கள். இங்கே 'திரும்பத் திரும்ப' என்ற அடையாளமும் மாறுகிறது. செய்தவன் ஒரு தடவைதான் போட்டான், நாற்பது பேர் பரப்பினார்கள். அது நாற்பது தடவைதான்.

சாட்சியம் எடுப்பதில் நிறைய கெட்டுப்போகிறது. ஸ்கிரீன்ஷாட்டில் போன் எண், தேதி, நேரம் தெரிய வேண்டும். காண்டாக்டில் 'மச்சி' என்று பதிந்த பேர் மட்டும் தெரிந்தால் பயனில்லை. இன்ஸ்டாகிராமில் பளிச்சென்று தெரிகிற பேரை விட்டு, மேலே இருக்கும் பயனர் பேரோடு எடுங்கள். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்தால் கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகும். அதோடு பிளாக் செய்து உரையாடலை அழிக்கும் பெட்டியும் வரும். அதைக் கவனிக்காமல் சரி கொடுத்தால் சாட்சியம் மொத்தமும் போய்விடும். முதலில் ஸ்கிரீன்ஷாட், பிறகுதான் ரிப்போர்ட். எடுத்ததை ஆசிரியர் குழுவில் போடாதீர்கள், அது நாற்பத்தோராவது பகிர்வு.

படம் அந்தரங்கமானது என்றால் ஸ்கிரீன்ஷாட்டே எடுக்கக் கூடாது. பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் அப்படிப்பட்ட படத்தைச் சேமிப்பதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி, போக்சோ இரண்டிலும் சிக்கவைக்கும், நல்ல எண்ணம் காப்பாற்றாது. கணக்கின் பேர், பார்த்த நேரம், சொன்னவர் யார் என்று கையால் எழுதிவைத்து, போனில் இருப்பதைத் தொடாமல் போலீஸுக்குத் தெரிவியுங்கள். 1930 (சைபர் குற்ற உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) இரண்டும் ஸ்டாஃப் ரூம் சுவரில் இருக்கட்டும். பிள்ளைகள் பார்க்கிற இடத்தில் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417ம்.

பெண் பிள்ளை சம்பந்தப்பட்டிருந்தால் வீட்டுக்குப் போன் போடும் முன் நிதானிக்க வேண்டும். இந்த இரண்டு மாவட்டத்திலும், குறிப்பாக மலை ஊர்களில், ஒரு பொய் மீம் போதும், "படிச்சது போதும்" என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். பதினாறு வயதில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தப் பயத்தில்தான் பல பெண்கள் சொல்வதே இல்லை. எனவே யாரிடம் முதலில் பேசலாம் என்று அவளையே கேளுங்கள்: அம்மாவா, சித்தியா, அத்தையா? போனில் விவரம் சொல்லாமல் நேரில் வரச் சொல்லுங்கள். முதல் வாக்கியம், "உங்க பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்லைங்க" என்று இருக்க வேண்டும். அடுத்தது, பள்ளி என்ன செய்துவிட்டது என்பது. மறுவாரம் அவள் இரண்டு நாள் வராவிட்டால் காய்ச்சல் என்று விட்டுவிடாமல் அன்றே ஆள் அனுப்புங்கள். கல்யாணப் பேச்சு காதில் விழுந்தால் 1098.

தீர்ந்தது என்று நினைத்த பிறகு ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் பாருங்கள். "இப்ப யாராச்சும் ஓட்டறாங்களா?" என்றால் இல்லை என்றுதான் பதில் வரும். "மத்தியானம் யாரோட சாப்புட்ட?" என்று கேளுங்கள். பேர் உடனே வராவிட்டால் இன்னும் முடியவில்லை.

ஜூனில் எல்லாம் கலைந்துவிடும். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளி போவார்கள், ஆசிரியருக்கு மாறுதல் கலந்தாய்வு வரும், கேலி மட்டும் அதே பஸ்ஸில் ஏறிப் புதுப் பள்ளிக்குப் போகும். பிரிவு பிரிக்கும் முன்பே எந்த இருவரை ஒரே பிரிவில் போடக் கூடாது, யாரோடு சேர்த்துப் போட்டால் நல்லது என்று இரண்டு வரி எழுதி, மூடிய உறையில் புதிய எச்.எம். கையில் கொடுங்கள். பட்டப்பேரை மட்டும் அதில் எழுத வேண்டாம், புது ஆசிரியர் வாயிலும் அது ஒட்டிக்கொள்ளும்.